இரவல் கோட்டு

அந்த மலை நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நிழலக்கா செய்த முதல் காரியம், வலது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டதுதான்.

குளிருக்காக அல்ல. குளிர் என்னவோ இருந்தது. மூக்கு நுனி தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு இருந்தது. ஆனால் கை ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் கோட்டுக்குள் இருந்தது. கோட்டு நாத்தனாருடையது. அதன் வலது கைக்குள், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, கடை டேக் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நாத்தனாரின் வழக்கம் அது. புதுத் துணி வாங்குவாள். டேக்கை உள்ளே செருகிக்கொண்டு ஒரு நாள் போட்டுக்கொள்வாள். மறுநாள் பில்லோடு போய், சைஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஊரில் எந்தக் கடையிலும் அவளுடைய சைஸ் இதுவரை இருந்ததில்லை. இந்தக் கோட்டும் நாளைக் காலை கடைக்குத் திரும்ப வேண்டியது. நடுவில் ஒரு நாள் சும்மா கிடக்கிறதே என்று தம்பி பெண்டாட்டிக்கு இரவல் தந்திருந்தாள். டேக் அறுந்தால் கோட்டு உன் தலையில் என்று சொல்லித்தான் தந்தாள்.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்று ஒரு பழமொழி உண்டு. நிழலக்காவுக்கு எறிவதற்குக் கந்தைகூட இல்லை. அவளுடைய ஊரில் ஸ்வெட்டர் என்பது பேப்பரில் பார்க்கிற பொருள்.

நிழலக்கா என்பது கடையில் வைத்த பெயர். கீழே, வெயில் ஊரில், நாலு மாடித் துணிக்கடை ஒன்றில் அவளுக்கு வேலை. சேலை விற்கிற வேலை இல்லை. வாடிக்கையாளர் மாதிரி உடுத்திக்கொண்டு, வாடிக்கையாளர் மாதிரி துணியைப் புரட்டிக்கொண்டு, துணி திருட வருகிறவர்களின் பின்னாலேயே நடக்கிற வேலை. திருடியதும் உள்ளே வைத்துப் பிடிக்கக் கூடாது. வாசலைத் தாண்டவிட வேண்டும். தாண்டியதும் முழங்கைக்கு மேலே மெல்லப் பிடித்து, "மேடம், பில்லுல ஒரு சின்ன சந்தேகம். ஒரு நிமிஷம் ஆபீஸ் ரூம் வரைக்கும் வர முடியுமா?" என்று கேட்க வேண்டும். குரல் உயரக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி, வீட்டில் பூனையைக்கூட அவள் அப்படித்தான் பிடித்தாள்.

முதலாளி பக்கத்து ஊரில் கிளை திறக்கிறார். அங்கே கண்காணிப்புக்குத் தலைமையாக நீ வா என்று அவளைக் கேட்டிருந்தார். தினமும் இரண்டு பஸ் மாறித் தனியாகப் போய்வர வேண்டும். வீட்டில் பஞ்சாயத்து கூடியது. கம்பெனி வேனில் ஏறிக் கம்பெனி வேனில் இறங்குகிறவள், தெருமுனை தாண்டினால் திசை தெரியாதவள், இவளா ரெண்டு பஸ் மாறுவாள் என்று நாத்தனார் கேட்டாள். கணவர் லாரி எடைமேடையில் வேலை பார்க்கிறவர். எந்தப் பக்கமும் சாயாத மனிதர். யோசித்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். லீவு நாளில், இதுவரை பார்க்காத ஊருக்கு, தனியாகப் போக வேண்டும். நடந்தே சுற்ற வேண்டும், ஆட்டோ கீட்டோ என்று செலவு வைக்கக் கூடாது. கடைசி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். நடுவில் ஒரு தடவைகூட வீட்டுக்குப் போன் பண்ணக் கூடாது. பண்ணினால் அந்த வேலையை மறந்துவிட வேண்டும்.

"மத்தியானத்துக்குள்ள அழுதுக்கிட்டே கூப்பிடுவா பாரு. நான் போனை மடியிலயே வச்சுக்கறேன்" என்று நாத்தனார் சொன்னாள்.

ஆக, நிழலக்காவின் புது வேலை அவளுடைய விரல் நுனியில் இருந்தது. அந்த விரல் போனைத் தொடாமல் இருக்க வேண்டும்.

காலைப் பொழுது நன்றாகவே போனது. அந்த ஊரில் தெருக்கள் இரண்டே வகை: ஏறுகிறவை, இறங்குகிறவை. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் வாசலுக்குச் சமமாக இருந்தது. ஒருவர் வாசல் பெருக்கினால் இன்னொருவர் கூரைக்குக் குப்பை போகும் போல. கைப்பிடிக் கம்பி வைத்த படிக்கட்டுகள் வீடுகளுக்கு இடையே புகுந்து எங்கெங்கோ போயின. டீக்கடைக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. ஒரு கடிகார கோபுரம் தன் போக்கில் ஏதோ ஒரு நேரம் காட்டியது, யாரும் அதோடு சண்டைக்குப் போகவில்லை. பூங்காவுக்கு அனுமதி இலவசம் என்று எழுதியிருந்ததால் பூங்காவை இரண்டு சுற்றுச் சுற்றினாள். பையிலிருந்த பன்னையும் வாழைப்பழத்தையும் பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் தின்றாள்.

இவ்வளவு வருஷத்தில் முன்னால் ஒரு முதுகு இல்லாமல் அவள் நடந்தது இதுதான் முதல் தடவை. எங்கே திரும்ப வேண்டும் என்று எந்த முதுகும் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம் தடுமாற்றமாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது.

மலை முனையில் ஒரு காட்சி மேடை இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் கீழே வெயில் ஊர் வரைக்கும் தெரியும் என்று பஸ்ஸில் ஒருவர் சொல்லியிருந்தார். தன் கடையைத் தலைக்கு மேலிருந்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்தபோதுதான் தூறல் பிடித்தது. எதிரே ஒரு பெரிய கம்பளிக் கடை. வாசலுக்கு உள்ளே ஹீட்டர். கழிப்பறை இரண்டாம் மாடியில், இலவசம்.

வினை அங்கேதான் காத்திருந்தது.

கழிப்பறையிலிருந்து வந்து ஹீட்டர் ஓரமாக நின்றபோது, சால்வைப் பகுதியில் ஒரு பெண்ணைப் பார்த்தாள். அவள் வயதுதான் இருக்கும். சாம்பல் நிற ஸ்வெட்டர். ஒரே சால்வையை எடுக்கிறாள், பிரிக்கிறாள், மடிக்கிறாள், வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள். விலையைப் பார்க்கவில்லை. சால்வையையே பார்க்கவில்லை. கண் முழுக்கத் தூணில் பதித்த கண்ணாடி மேல் இருந்தது.

நிழலக்காவின் முதுகுத்தண்டில் அந்தப் பழைய எறும்பு ஊர்ந்தது. இவள் திருடி.

இன்றைக்கு லீவு, இது நம் கடை இல்லை, நமக்கெதற்கு வம்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கால் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு ஒரு சால்வை அடுக்கைச் சுற்றி, சாம்பல் ஸ்வெட்டருக்குப் பக்கவாட்டில் போய் நின்றது. நிழலக்காவும் ஒரு சால்வையை எடுத்தாள், பிரித்தாள், மடித்தாள். அவள் கண்ணும் கண்ணாடி மேல்தான் இருந்தது.

கண்ணாடிக்குள் இரண்டு ஜோடிக் கண்களும் சந்தித்தன. இரண்டும் உடனே விலகின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாம்பல் ஸ்வெட்டர் திருடி இல்லை. நிழலக்கா கீழே என்ன வேலை செய்தாளோ அதே வேலையை இவள் மேலே செய்துகொண்டிருந்தாள். போன வாரம் அந்தக் கடையில் சால்வைகள் காணாமல் போயிருந்தன. மேனேஜர் வாட்டி எடுத்துவிட்டார். இப்போது அவள் கண்முன்னே, அளவுக்கு மீறிய பெரிய கோட்டு, தோளில் ஒட்டிப்போன காலிப் பை, உடம்போடு ஒட்டிய வலது கை, விலையைப் பார்க்காத கண். பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிற திருடி அப்படியே எழுந்து நடந்து வந்த மாதிரி இருந்தது.

பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இந்த இரண்டு பாம்புகளும் அந்தப் பழமொழியைக் கேள்விப்பட்டதில்லை.

தூறல் விட்டதும் நிழலக்கா வெளியே வந்தாள். பேக்கரிக் கண்ணாடியைப் பார்த்தாள். பின்னால் சாம்பல் ஸ்வெட்டர். பூட்டிய ஒரு மருந்துக்கடையின் கண்ணாடியைப் பார்த்தாள். அதிலும் சாம்பல் ஸ்வெட்டர். சரி, நான் பார்த்துவிட்டேன் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது, போலீஸுக்குப் போகிறேனா என்று வேவு பார்க்கிறாள் என்று நிழலக்கா கணக்குப் போட்டாள்.

பின்தொடர்வதில் இருபது வழி தெரிந்தவளுக்கு நழுவ ஒரு வழி தெரியாதா. ஒரு படிக்கட்டில் ஏறினாள், ஒருவர் வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே குனிந்து அடுத்த படிக்கட்டில் இறங்கினாள், காய்கறி மார்க்கெட்டுக்குள் புகுந்து வெங்காய மூட்டைக்குப் பின்னால் நின்றாள். சாம்பல் ஸ்வெட்டர் மூச்சிரைக்க வந்து நாலு திசையும் பார்த்தாள், காணவில்லை என்றதும் மேற்கே நடந்தாள்.

இப்போது அவள் முன்னால் போனாள், நிழலக்கா பின்னால் போனாள்.

சும்மா போயிருக்கலாம். ஆனால் முன்னால் ஒரு முதுகு வந்துவிட்டது. அந்த முதுகு கடை கடையாக எட்டிப் பார்த்தது. தன்னைத் தேடித்தான் பார்க்கிறது என்பது நிழலக்காவுக்கு எப்படித் தெரியும். அடுத்த கடைக்குக் குறி வைக்கிறாள் என்றே நினைத்தாள். செருப்புக் கடை வாசலில் சாம்பல் ஸ்வெட்டர் சட்டென்று திரும்ப, நிழலக்கா ஒரு ஜோடி பூட்ஸை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். கடைக்காரர் அது ஆம்பளை பூட்ஸ் என்று பொறுமையாகத் தெரிவித்தார்.

அதற்குப் பிறகு யார் யார் பின்னால் போனார்கள் என்பதை அந்த ஊர்த் தெருக்கள்தான் சொல்ல வேண்டும். கடிகார கோபுரத்தை இருவருமாகச் சுற்றினார்கள். பூங்காவை நிழலக்கா மூன்றாம் தடவை பார்த்தாள். ஊரைச் சுற்றிப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. கைடு கூடவே இருந்தாள், காசு கேட்கவில்லை.

கடைசியில் காட்சி மேடை வந்தது. அதற்கு மேல் போக மலை இல்லை.

மேடையில் ஒரு போட்டோக்காரர் மட்டும் காமிராவை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. மூடுபனி எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. நிழலக்கா கம்பி ஓரம் நின்று வெள்ளையைப் பார்த்தாள். சாம்பல் ஸ்வெட்டர் பக்கத்தில் வந்து நின்று அதே வெள்ளையைப் பார்த்தாள்.

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். இரண்டு கைகள் நீண்டன. இரண்டு முழங்கைகள், மூட்டுக்குச் சற்று மேலே, மெல்லப் பிடிக்கப்பட்டன.

"மேடம், பில்லுல ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் நிழலக்கா.

"ஒரு நிமிஷம் ஆபீஸ் ரூம் வரைக்கும் வர முடியுமா" என்றாள் சாம்பல் ஸ்வெட்டர்.

போட்டோக்காரர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நான் கடை ஆள் என்றாள் ஒருத்தி. நானும் கடை ஆள்தான் என்றாள் மற்றவள். மாட்டிக்கொள்கிற எல்லாத் திருடிகளும் இதைத்தான் சொல்வார்கள் என்பது இருவருக்கும் தெரிந்ததால் இருவரும் நம்பவில்லை. கையை உதறியதில் கோட்டின் வலது கைக்குள்ளிருந்து நூல் அறுந்து ஒன்று விழுந்தது. தரையில், ஈரத்தில், மல்லாந்து கிடந்தது டேக்.

சாம்பல் ஸ்வெட்டர் குனிந்து எடுத்தாள். அவளுக்கு அதற்கு மேல் சந்தேகம் இல்லை.

கம்பளிக் கடையின் ஆபீஸ் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு பெரிய நிலைக்கண்ணாடி, ஜலதோஷம் பிடித்த ஒரு மேனேஜர். அவர் டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம் கடை டேக் இல்லை. ஆனால் பில் இல்லாமல், டேக்கோடு கோட்டுப் போட்டு ஒருத்தி சிக்கினால், எந்தக் கடைச் சரக்காக இருந்தாலும் ஸ்டேஷனுக்குச் சொல்வது என்று கடைக்காரர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நிழலக்காவுக்கும் அது தெரியும். கீழேயும் அதே ஏற்பாடுதான்.

அவளுடைய கடைக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். லீவு, மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதலாளி லீவு நாளில் போனை அணைத்துவிடுவார். மேனேஜர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கருணையோடுதான் சொன்னார்.

"வீட்டுக்கு ஒரு போன் போடுங்கம்மா. பில்லு இருக்குன்னு யாராவது சொன்னாப் போதும். விட்டுடறோம்."

"போட முடியாதுங்க."

"ஏன்?"

"போட்டா வேலை போயிடும்."

மேனேஜர் சாம்பல் ஸ்வெட்டரைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். நிழலக்கா கிளைக் கடை, இரண்டு பஸ், எடைமேடை, தீர்ப்பு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் காதுக்கே அது பச்சைப் பொய்யாகக் கேட்டது. இதே கதையை யாராவது தன்னிடம் சொல்லியிருந்தால் பாதியிலேயே போலீஸைக் கூப்பிட்டிருப்பாள்.

ஒரு போன் போட்டால் போதும். நாத்தனார் எடுப்பாள், பில் இருக்கிறது என்பாள், பத்து நிமிஷத்தில் வெளியே. ஆனால் அதே நாத்தனார் அந்தப் போனைச் சாகிறவரைக்கும் பேசுவாள். போடாவிட்டால் போலீஸ், கடைசி பஸ்ஸும் போய்விடும். இப்படிப் போனாலும் வேலை இல்லை, அப்படிப் போனாலும் இல்லை.

ஆபீஸ் அறையைப் பற்றி அவளுக்கு ஒன்று தெரியும். அங்கே முதலில் வாயைத் திறக்கிறவர் தோற்பார். பிடித்துவந்த ஆளிடம் எதுவும் கேட்காமல் எதிரே சும்மா உட்கார்ந்தால் போதும், அந்த மௌனம் தாங்காமல் அவர்களே கொட்டிவிடுவார்கள். இன்றைக்கு எதிரே உட்கார வேண்டிய ஆள் மலைக்குக் கீழே, மடியில் போனோடு உட்கார்ந்திருக்கிறாள். கிண்ணம் இரவல் கொடுத்தால்கூட கழுவி முடிப்பதற்குள் கேட்டு வந்து நிற்கிறவள். இப்போது கொடுத்திருப்பது ஒரு கோட்டு.

நிழலக்கா போனை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கலாமா?"

சாம்பல் ஸ்வெட்டர் அவளை முதல் தடவையாக வேறு மாதிரி பார்த்தாள். கண்ணாடி வழியாக இல்லாமல் நேராக. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கடைசி பஸ் கிளம்புகிற வரைக்கும் பார்ப்போம், அதற்குப் பிறகு ஸ்டேஷன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மூவரும் போனைப் பார்த்தார்கள். சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டுகிற வகை, இரக்கமில்லாமல் ஓடியது. மேனேஜர் தும்மினார். டீ வந்தது, ஆறியது.

போன் அடித்தது. நிழலக்கா எடுத்தாள். ஒரு பதிவு செய்த குரல், அவளுக்குப் பிடித்த பாட்டை ரிங்டோனாக வைக்க ஒன்றை அழுத்தச் சொன்னது. போனை மறுபடி மேஜையில் வைத்தாள். மேனேஜர் ஸ்டேஷன் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

மறுபடி அடித்தது. இந்தத் தடவை நாத்தனார். நிழலக்கா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"எங்க இருக்க?"

"ஒரு கடையில அண்ணி."

"எதையும் வாங்கித் தொலைக்காத. டேக் இருக்கா?"

டேக் மேனேஜரின் உள்ளங்கையில் இருந்தது. "இருக்கு அண்ணி."

"கசங்கலையே?"

மேனேஜர் அதை நீவிவிட்டார். "இல்ல அண்ணி."

"பில்லு என் பீரோவுல பத்திரமா இருக்கு. காலையில திருப்பிக் குடுக்கணும். சைஸ் பத்தலைன்னு சொல்லிக்கறேன். வேர்வை கீர்வை பட்டுச்சா?"

கொஞ்சம் முன்புதான் பட்டது. "இங்க குளிரு அண்ணி."

"சரி சரி. நீ போன் பண்ணிடாத, என்ன."

வைத்துவிட்டாள்.

மேனேஜரின் முகத்தில், தானும் இதுவரை இப்படி எத்தனை கோட்டுகளைத் திரும்ப வாங்கியிருப்போம் என்கிற கவலை படர்ந்தது. அந்த அம்மா இந்த ஊருக்கு வருவதுண்டா என்று மெதுவாக விசாரித்தார். வந்ததில்லை என்று தெரிந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிம்மதியானார்.

சாம்பல் ஸ்வெட்டர் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்து, உள்ளேயிருந்து துப்பாக்கியை எடுத்தாள்.

டேக் குத்துகிற துப்பாக்கி. துணிக்கடையில் இருக்கிற ஒரே துப்பாக்கி.

"எந்தக் கை?" என்று கேட்டாள். நிலைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நிழலக்காவும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே காட்டினாள். ஆயுசு முழுக்க ஆட்களைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய இரண்டு பேர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்கிற அவசரத்தில் செய்த காரியம் அது. டக் என்றது துப்பாக்கி. டேக் கோட்டுக்குள் போனது.

இன்றைக்கு மத்தியானம் மூடுபனி நல்லா விலகிடுச்சு, கீழ வரைக்கும் பளிச்சுன்னு தெரிஞ்சுது, பார்த்தீங்களா என்று வாசலில் வாட்ச்மேன் கேட்டார். ஜன்னலில்லாத அறையிலிருந்து வந்தவள், பார்க்கவில்லை என்றாள். மூடுபனி திரும்ப வந்திருந்தது.

பஸ் நிலையத்துக்குக் குறுக்கு வழி உண்டு, நான் காட்டுகிறேன் என்று சாம்பல் ஸ்வெட்டர் கூட வந்தாள். படிக்கட்டில் அவள் பின்னால் வர, நிழலக்காவுக்கு நடை வரவில்லை.

"நீங்க முன்னாடி போங்க அக்கா. பின்னாடி ஆள் வந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"எனக்கு மட்டும் என்னவாம்."

ஒருவர் மட்டும் இறங்கக்கூடிய படிக்கட்டில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கிடைத்த சீட் மலைப் பாறை தெரிகிற பக்கம். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நாத்தனார் வாசலிலேயே கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள், ஆளைப் பார்க்கவில்லை. கணவர் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து, இவ கூப்பிட்டாளா என்று அக்காவைக் கேட்டார்.

நாத்தனார் கோட்டின் வலது கைக்குள் தன் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள்.

நிழலக்கா எதிரே உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நாத்தனார் இடது கையைத் துழாவினாள். டேக் கிடைத்தது.

"போன்ல கேட்டப்ப டேக் இருக்குன்னு சொன்னியே. வலது கையில இருந்தது இடது கைக்கு எப்படி வந்துச்சு?"

கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எந்தப் போன்?"

நாத்தனார் வாயை மூடினாள். நேரம் கடந்துவிட்டது.

"யாரு யாருக்குக் கூப்பிட்டது?"

"நான்தான். கோட்டுக்காக."

கணவர் கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார், முள் நிற்கட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி.

"அப்ப அவ கூப்பிடல" என்றார். "முதலாளிகிட்ட சரின்னு சொல்லிடு. சாப்பிட உக்காரு."

நிழலக்கா தட்டை எடுக்கப் போனாள். கை வரவில்லை. கோட்டைக் கழற்றி இவ்வளவு நேரமாகியும் வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது. அப்போதுதான் கவனித்து, அதைக் கீழே விட்டாள்.